மிளகாய்த் தோல் உரித்தபடியே நடந்த விசாரணை

அன்பு மகள் ராலிட்சாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் இடது முட்டியைத் தவிர எல்லாம் சுகம், அந்த முட்டியும் மழை வராத நாளில் சுகம்தான். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவது முறை, ஆனால் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்ற ஒரே பதிலைத்தான் நீ கைவசம் வைத்திருக்கிறாய், அதனால் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஆறு மணிக்கு மேல் ஆபீஸில் உட்காருவதில்லை, ஈரத்தலையோடு ஏ.சி.க்கு அடியில் படுப்பதில்லை என்று நானாகவே நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, நம்ம தெருவுக்கு யாராவது என்னைப் பத்தி விசாரிக்க வந்தாங்களா?" என்று கேட்டாய். நான் "என்னடி சொல்றே, ஒண்ணும் கேக்கல, ஒரே கரகரங்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். கரகரக்கவில்லை, நன்றாகவே கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூதரகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நீ விமானம் ஏறிய அன்று, வேலை விஷயம் எதையும் போனில் பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய் அல்லவா, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நீ இருக்கும் ஊரின் பெயரை எங்கும் எழுதாதே என்றும் சொல்லியிருந்தாய், இந்தக் கடிதத்துக்குள் எங்கும் எழுதவில்லை, உறை மேல் மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அது இல்லாமல் தபால் போகாது, முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

வந்தார், ஒருவர் வந்தார். அது செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, நாங்கள் முற்றத்தில் தகரத்தைப் போட்டு விறகு மூட்டி குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைக்கும் லூட்டெனிட்சாத் தொக்குக்குக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் நாற்பது கிலோ. நீ வீட்டில் இல்லாவிட்டாலும் நாற்பது கிலோவா என்று அப்பா கேட்டார், நீ வருவாயோ மாட்டாயோ குளிர்காலம் வரும் என்று சொன்னேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் டோப்ரி மாமா வீட்டு வாசலில் யாரோ புதுக் குரல் கேட்டது. மரியாதையான குரல், படித்த குரல். "ஐயா, ராலிட்சாங்கிற பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்றது. அதற்கு டோப்ரி மாமா, "ராலிட்சாவா? அது என்ன, மருந்தா?" என்கிறார். அந்தக் குரல், "இல்லீங்க, உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்றது. "பக்கத்து வீடா? எந்தப் பக்கம்?" "இதோ, புகை வருதே, அந்த வீடு." "புகையா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பி. அந்தப் பக்கம் வீடே கிடையாதுன்னு நெனைக்கிறேன்."

ராலி, உன்னைத் தோளில் உட்காரவைத்து ரயில் காட்டக் கூட்டிப்போன மனுஷர், உன் முதல் கம்ப்யூட்டருக்குத் தன் கையால் மேஜை செய்துகொடுத்த மனுஷர், நீ இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்று சாதிக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது, அப்பா என் கையைப் பிடித்து "விடு" என்றார். பிறகுதான் எனக்கும் நினைவு வந்தது. பழைய ஆட்சி நடந்த காலத்தில் டோப்ரி மாமாவுக்குப் பத்தொன்பது வயது, இப்படித்தான் ஒருவர் கையில் ஃபைலோடு வந்து அவர் அண்ணனைப் பற்றி அன்பாக விசாரித்தாராம். இவர் அண்ணன் மேல் இருந்த பெருமையில், எவ்வளவு நல்லவர், எத்தனை சிநேகிதர்கள், யார் யார் வீட்டுக்கு வருவார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வீடு திரும்ப ஆறு வருஷம் ஆனது. அன்றிலிருந்து ஃபைலோடு யார் வந்தாலும் அவருக்கு யாரையும் தெரியாது. நீ அவர் மேல் வருத்தப்படாதே, உன்மேல் உள்ள பாசத்தில்தான் உன்னை இல்லை என்றார்.

அங்கிருந்து அந்த மனிதர் எதிர்வீட்டுப் பென்கா அத்தையிடம் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பென்காவே சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னாள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி குணம் எப்படி, பழக்கம் எப்படி என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் பென்காவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்று முதலில் இவள் அவரைக் கேட்டிருக்கிறாள். அவர் தான் அமைச்சகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்ல, "அமைச்சகத்துலயா? நல்ல உத்தியோகம்" என்று உட்காரவைத்து செர்ரி ஜாம் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் அள்ளிவிட்டதைக் கேட்டால் உனக்கே உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். உனக்கு நாற்பது வால்நட் மரம் இருக்கிறதாம், சர்ச்சில் பாடுவாயாம், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கச் சம்மதமாம். குடிப்பழக்கம் உண்டா என்று அவர் கேட்டதற்கு, "விசேஷத்துல மட்டும் ஒரு சொட்டு, அதுவும் மாமனார் ஊத்திக் கொடுத்தாதான்" என்றாளாம். வெளிநாட்டுக்காரர்களோடு தொடர்பு உண்டா என்று கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டாளாம். "எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லீங்க, ஒரு வெளிநாட்டுக்காரனை நிமிந்துகூடப் பாக்க மாட்டா" என்றாளாம். "அவங்க வேலை பாக்குறதே வெளிநாட்டுலதானே?" என்றாராம் அவர். "இருக்கட்டுமே, குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வருவா" என்றாளாம் பென்கா.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் நம் வீட்டுக்கு வந்தார், குடும்பத்தாரைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு விதியாம். ஒல்லியாக, முப்பது முப்பத்திரண்டு வயது, சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஃபைல். நான் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்து, "நல்ல சமயத்துல வந்தீங்க, இந்த இடுக்கியைக் கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்துவிட்டு உள்ளே உப்பு எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மனிதர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருக்கிறார், ஒரு மிளகாய்கூடக் கருகவில்லை. அப்புறம்தான், "என் பேரு மிலேவ், அமைச்சகத்திலேர்ந்து வர்றேன். அம்மா, உங்களுக்கு உண்மையிலேயே ஒரு மகள் இருக்காங்களா?" என்று கேட்டார். பாவம், அந்தத் தெருவில் அதுவரை காதில் விழுந்ததற்குப் பிறகு அவர் வேறு என்ன கேட்பார்.

நான் உன் போட்டோ எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டினேன், முன்பல் விழுந்திருக்கும் அந்தப் போட்டோவையும். அவருக்கு ஒரு ஏப்ரன் கட்டிவிட்டு, சுட்ட மிளகாய்ப் பாத்திரத்துக்கு முன்னால் உட்காரவைத்தேன், தோல் உரித்துக்கொண்டே கேளுங்கள், எங்களுக்கும் வேலை ஆகும் என்றேன். உனக்கு அடுத்த பதவி கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டுமாம். யாரிடம் பேசுவாய், எங்கே போவாய், ஏதாவது கெட்ட சகவாசம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார், நான் வரிசையாகச் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் வேலை விதையெடுப்பது. பிறகு மிலேவ், "உங்க மகள் வேலையைப் பத்தி வீட்டுல பேசுவாங்களா?" என்று கேட்டார். அங்கேதான் ராலி நான் தப்பு செய்தேன்.

நீ எவ்வளவு அழுத்தக்காரி என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அவளா? வாயே திறக்க மாட்டா! எதுவுமே சொல்ல மாட்டா!" என்று ஆரம்பித்தேன். "தூதர் ஐயா பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா அடிச்சு மெஷினைப் பூட்டிட்டு, இதுக்கு என்னை யாருன்னு தெரியாதான்னு கத்துவாராம், அதைக்கூட இவ வெளிய சொல்ல மாட்டா. பல்லு புடுங்கப் போயிருந்தவளைப் பாதியில கூப்பிட்டு மௌஸ் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க, போய்ப் பாத்தா பேட்டரி தீந்திருக்கு, அதைக்கூட மூச்சு விடல. விசா கவுண்டர்ல அறுபது பேர் நிக்கிறப்ப மெஷின் நின்னுபோயி, இவ மேஜைக்கு அடியில படுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் ஒயரைப் பாத்தாளாம், அதுவும் ரகசியம்." அப்பா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். எனக்கு உறைக்கவில்லை. "ஏன், பூட்டின கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள சீஸ் டின்னை வெச்சிருந்தாளே, அதையே எனக்கு ஆறு மாசம் கழிச்சுதான் சொன்னா!" என்று முடித்தேன்.

மிலேவின் கை மிளகாயோடு அப்படியே நின்றது. "கம்ப்யூட்டர் ரூமுக்குள்ளயா?" என்றார். அந்த அறைக்குள் உன்னைத் தவிர ஈ நுழையக் கூடாது, போனைக்கூட வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நீ ஆகஸ்ட் லீவில் வந்தபோது சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே சமாளிக்கப் பார்த்தேன். "பெரிய சீஸ் இல்லீங்க" என்றேன். அப்பா அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்து, "சின்ன டின்னுதான்" என்றார். "உப்புத் தண்ணியிலதான் இருந்துச்சு, கெட்டுப்போகாது" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உன் வேலை போய்விட்டது, இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்து நீ சேர்த்த பெயரை நான் ஒரு வாயால் கொட்டிவிட்டேன் என்று பதறி, உரித்த மிளகாயைத் தோல் வாளியிலும் தோலைப் பாத்திரத்திலும் போட்டேன்.

மிலேவ் கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலைப் பிரித்தார், பக்கத்துக்குப் பக்கம் மிளகாய்ச் சாறு. ஒரு தாளை எடுத்துப் படித்தார். அது அந்த அறை வாசலில் இருக்கும் பதிவுப் புத்தகத்தின் நகலாம், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. "மார்ச் ஒன்று, மாலை நாலு பத்து. தேசிய நாள் விருந்துக்கு வந்த வெள்ளைச் சீஸ், டின் ஒன்று, பதினெட்டு கிலோ, அறைக்குள் வைக்கப்பட்டது. காரணம், சமையலறை பிரிட்ஜ் பழுது, வெளியே நாற்பத்தொரு டிகிரி, குளிர்ச்சி இந்த அறையில் மட்டும். தூக்கிவந்தது நான். சமையல்காரர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். பொறுப்பு நான்." அதற்குக் கீழே, "மார்ச் மூன்று, காலை எட்டு. சீஸ் வெளியே எடுக்கப்பட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை." படித்து முடித்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "காலையிலேர்ந்து இந்தத் தெருவுல நான் கேட்டதுல, ஃபைலோட ஒத்துப்போற முதல் விஷயம் இதுதாம்மா" என்றார். அதற்காக உனக்கு அப்போதே எச்சரிக்கைக் கடிதம் வந்ததாமே, நீ தப்பை ஒத்துக்கொண்டு பதில் போட்டாயாமே, அதை மட்டும் என்னிடம் ஏன் சொல்லவில்லை? பதினெட்டு கிலோவை ஏன் தனியாகத் தூக்கினாய்? இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்த ஊரில் யார் எண்ணெய் தேய்ப்பார்கள்?

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தி வைத்திருந்தேன், இன்றைக்கு வியாழக்கிழமை, மறுபடி எடுக்கிறேன். நேற்று மத்தியானம் உன் போன் வந்துவிட்டது. "அம்மா, கிடைச்சிருச்சு!" என்று நீ கத்தினாய். ஆறு தூதரகங்களின் கம்ப்யூட்டர்களும் உன் பொறுப்பு, இதைவிடத் தூரத்து ஊர், நாலு வருஷம் என்றாய். நான் "சந்தோஷம்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் "நல்லது" என்றார், அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. நான் ஏன் அப்படிச் சட்டென்று போனைக் கொடுத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

மிலேவ் கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் ஃபைலைப் பார்த்தே படித்தார். உங்கள் மகளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்து ஏதாவது காரணம் உண்டா என்று. நாலு வருஷம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ராலி, எனக்கு ஒரு காரணம் தெரியும். நீ தூக்கத்தில் பேசுவாய். சின்ன வயதில் மட்டும் இல்லை, இப்போதும். ஆகஸ்டில் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் படுத்து, "மெஷினை ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க ஐயா, அணைச்சுட்டுப் போடுங்க" என்று தெளிவாகச் சொன்னாய். அப்புறம் ஏதோ எண்கள், அப்புறம் யாரோ ஒரு பெண்ணின் பெயர், அப்புறம் "எனக்கு யாரும் இல்ல இங்க" என்றாய். நான் பாத்திரம் துடைக்கும் துணியோடு கதவருகில் நின்று முழுக்கக் கேட்டேன். விழித்திருக்கும்போது உன் மனசில் இருப்பதை நீ சொல்வதில்லை, உன்னிடமிருந்து எனக்கு உண்மையான சேதி அன்றைக்குத்தான் கிடைத்தது.

ரகசியங்களைக் காக்க வேண்டிய வேலைக்குத் தூக்கத்தில் பேசுகிறவள் போகலாமா? அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொண்டிருப்பார், உன்னைத் தலைநகரில் ஏதாவது ஒரு மேஜையில் உட்காரவைத்திருப்பார்கள், நாலு மணி நேரப் பஸ், வாராவாரம் வந்திருப்பாய். பொய்கூட இல்லை, சுத்தமான உண்மை. அது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் எழுந்து அடுப்புக்குப் போனேன், அங்கே மிளகாயே இல்லை, எல்லாம் சுட்டு முடிந்திருந்தது, சும்மா வெறும் தகரத்தை இடுக்கியால் கிளறினேன். மிலேவ் காத்துக்கொண்டிருந்தார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நீ பேசியதை அவரிடம் நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன், அவருக்கும் தெரியும். பதிவுப் புத்தகத்தில் நீ எழுதிய "பொறுப்பு நான்" என்ற வரி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. திரும்பி வந்து, "ஒரு காரணமும் இல்லீங்க" என்றேன்.

"அதுக்கு இவ்வளவு நேரம் யோசிச்சீங்களே?" என்றார் மிலேவ். அப்பாதான் கையிலிருந்த விதையைத் தட்டிவிட்டுச் சொன்னார், "எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. ஏதாவது காரணம் கிடைக்குமான்னு தேடிட்டிருந்தா." மிலேவ் எதுவும் எழுதவில்லை, ஃபைலை மூடிவிட்டார். "எங்கம்மாகிட்ட இந்தக் கேள்வியை யாரும் போய்க் கேட்டுடக் கூடாது" என்றார், மிச்சமிருந்த பத்துப் பதினைந்து மிளகாயையும் உரித்துவைத்துவிட்டுத்தான் எழுந்தார். கிளம்பும்போது இரண்டு பாட்டில் லூட்டெனிட்சா கொடுத்தேன், பரிசு வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம், தொடக்கூட மாட்டேன் என்றார். "பரிசு யாருங்க குடுத்தா, இது கூலி" என்றார் அப்பா. வாங்கிக்கொண்டார். நல்ல பிள்ளை, கல்யாணம் ஆகவில்லையாம், நான் சும்மா சொல்கிறேன்.

தெருச் சேதி என்றால், உனக்கு வேலை உயர்ந்தது தெரிந்ததும் டோப்ரி மாமா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பாத்தியா டோன்கா, நான் வாயைத் திறக்கலை, அதனாலதான் கிடைச்சுது" என்றார். நான்கு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தவர், உனக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்று, இப்போது மறுபடி சூப்புக்கு உப்பு போதவில்லை என்று மருமகளோடு சண்டை போடுகிறார். பென்காவோ தன்னால்தான் கிடைத்தது என்கிறாள், மாப்பிள்ளை வீட்டார் எப்போது மறுபடி வருவார்கள் என்றும் கேட்கிறாள், நாற்பது வால்நட் மரத்துக்கு நான் எங்கே போவேன்.

புது ஊரில் குளிர் அதிகம் என்று அப்பா வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார், கம்பளிக் காலுறை நாலு ஜோடி இதோடு தனிப் பார்சலில் வருகிறது. அங்கே போனதும் ஒரு சிநேகிதியைத் தேடிக்கொள், கம்ப்யூட்டர் இல்லாத சிநேகிதி. மத்தியானம் சாப்பிடாமல் வேலை பார்க்காதே, மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு நாடும் மூழ்கிவிடாது. எச்சரிக்கைக் கடிதம் வந்தால் எனக்கும் சொல், நல்ல சேதியை மட்டும் பொறுக்கிச் சொல்வதற்கு நான் ஒன்றும் தூதர் இல்லை, உன் அம்மா.

நீ தொட்ட மெஷின் எல்லாம் முதல் தடவையிலேயே ஓடட்டும், ஆறு தூதர்களுக்கும் தங்கள் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கட்டும், போகிற இடத்தில் எல்லாம் நல்ல மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் தினமும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். இந்த விசாரணை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி நடக்குமாம், அதே கேள்வியை மறுபடி கேட்பார்களாம். அடுத்த தடவையும் இதே பதிலைச் சொல்வேன் என்று இப்போது என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதற்குள் வருஷத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சோபாவில் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போ.

அன்புடன்,
உன் அம்மா டோன்கா
(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், "நல்லது" என்று எழுதச் சொன்னார்)